கேடயத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: எங்கள் பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பழைய மாணவிகள் சங்கம் ஒரு புதிய கேடயம் தருகிறது. எதிரணியிடம் பெரிய மனத்தோடு நடந்துகொள்ளும் அணிக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இதற்குக் காரணமாக இருந்தவை இரண்டு சம்பவங்கள். முந்திய வருட வலைப்பந்து இறுதியாட்டத்தில் பந்து வெளியே போனபோது நடுவர் ஓர் இல்லத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். அந்த இல்லத்தின் அணித்தலைவியோ, "என் விரலில் பட்டுத்தான் போனது" என்று தானே சொல்லிப் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிட்டாள். போன வருடம் எதிரணிப் பிள்ளைகள் மூவர் வலயமட்டத் தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் போய்த் திரும்பவில்லை. நடுவர் ஆட்டத்தை மற்ற அணிக்கே கொடுக்கத் தயாராக இருந்தார். அதன் தலைவி, "அவர்கள் வரட்டும்" என்று முக்கால் மணி நேரம் வெயிலில் காத்திருந்தாள். பிறகு விளையாடி இரண்டு புள்ளிகளால் தோற்றாள். "பெருந்தன்மைக் கேடயம்" என்று பெயர் வைக்கலாம் என்றேன். ஆங்கில ஆசிரியை, "அது மக்னானிமிற்றி என்ற ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு, போட்டியாளரிடம் காட்டும் தாராளத்துக்குத் தமிழில் சொந்தச் சொல் கிடையாது" என்கிறார். தரம் 9 மாணவி ஒருத்தி கேட்டதுதான் இன்னும் சங்கடம்: "பெருமை கூடாது என்று படிப்பிக்கிறீர்கள். பெருந்தன்மை மட்டும் எப்படி நல்லதாகும், ரீச்சர்?" எனக்குப் பதில் தெரியவில்லை.
— ஓர் ஆசிரியை, வடமராட்சி

பதில்: அன்புள்ள ரீச்சர், முதலில் அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்கிறேன். ஆசிரியர் ஓய்வறையில் நடந்த விவாதத்தைவிட அவள் கேள்வி ஆழமானது.

யாழ்ப்பாணத்தில் 'பெருமைக்காரி' என்று ஒருத்தியைச் சொன்னால் அது வசை. சந்தியில் கண்டும் காணாததுபோல் போகிறவளுக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து தமிழை மறந்ததுபோல் நடிப்பவளுக்கும் அந்தப் பட்டம் கிடைக்கும். ஆகவே பெருமை என்றால் தலைக்கனம் என்று அவள் நினைத்ததில் தவறில்லை. வள்ளுவருக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருக்கிறது. 'பெருமை' என்றே ஓர் அதிகாரம் வைத்து, அதற்குள் எல்லைக்கல்லும் நட்டுவிட்டார்:

"பெருமை பெருமிதம் இன்மை சிறுமை
பெருமிதம் ஊர்ந்து விடல்."

இங்கே பெருமிதம் என்பது செருக்கு. பெரியவனிடம் அது இல்லை. சிறியவனோ அதன் மேலேறிச் சவாரி செய்கிறான். இதே பெருமிதம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் நல்ல பொருளில் வருகிறது என்பது வேடிக்கை. கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கும் அதற்கு நிலைக்களன்கள். ஆக 'பெரு' என்ற அடி எப்போதும் ஆபத்தானது. உயர்வையும் குறிக்கும், உயர்வு என்ற நினைப்பையும் குறிக்கும். உங்கள் மாணவி காலை வைத்தது அந்த இடத்தில்தான்.

அவளுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள், மகிழ்ச்சி அடைவாள். ஆங்கிலக்காரரும் இதே இடத்தில் இடறியிருக்கிறார்கள். அதற்கு உங்கள் சக ஆசிரியை சொன்ன மக்னானிமிற்றியின் வீட்டுக்குப் போக வேண்டும். அது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'மக்னுஸ்' என்றால் பெரிய. 'அனிமுஸ்' என்றால் மனம், உயிர். இரண்டையும் சேர்த்தால் பெருமனம். ஆனால் உரோமருக்கும் அது சொந்தச் சரக்கில்லை. கிரேக்கரின் 'மெகலோப்சுகியா' என்ற சொல்லின் அச்சில் வார்த்தது. அரிஸ்டாட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் பகுதியில் அந்தக் குணமுடைய மனிதனை விவரிக்கிறார். பெரிய மதிப்புக்குத் தான் உரியவன் என்று நினைப்பவன், உண்மையிலேயே உரியவன். பகையை மனத்தில் வைத்துக்கொள்ளாதவன். உதவி செய்ய விரும்புபவன், உதவி பெற வெட்கப்படுபவன். இதுவரை நல்லது. பிறகு அவன் மெதுவாக நடப்பான், தடித்த குரலில் பேசுவான் என்றும் எழுதுகிறார். எங்கள் ஊர்க் கோயில் தர்மகர்த்தா ஒருவரை எனக்கு நினைவூட்டும் வரி அது. டபிள்யூ. டி. ரோஸ் இந்த நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, மக்னானிமிற்றியை ஒதுக்கிவிட்டுப் 'பிரைட்' என்றே எழுதினார். அதாவது, பெருமை! உங்கள் மாணவியின் ஐயம் ஒரு பேராசிரியரின் மேசையிலும் இருந்திருக்கிறது.

இந்தச் சொற்கள் நமக்கு அவ்வளவு அந்நியமும் அல்ல. மக்னுஸ், கிரேக்க மெகா, வடமொழி மகா மூன்றும் ஒரே குடும்பம். அனிமுஸ் மூச்சு என்ற பொருளுள்ள அடியிலிருந்து பிறந்தது. நாம் சொல்லும் பிராணனுக்குள் இருப்பதும் அதே அடிதான். 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு வந்த காந்தியை நம் முன்னோர் மகாத்மா என்று அழைத்தார்களே, அந்தச் சொல்லின் கட்டுமானமும் மக்னானிமிற்றியின் கட்டுமானமும் ஒன்று. ஆனால் அனிமுஸுக்கு ஒரு கெட்ட பிள்ளையும் உண்டு. ஆங்கிலத்தில் 'அனிமோசிற்றி' என்றால் பகைமை. பகைமையும் பகைவரிடம் காட்டும் பெருமனமும் ஒரே வயிற்றில் பிறந்திருக்கின்றன. இதை உங்கள் ஆங்கில ஆசிரியையிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு பாடவேளைக்குப் போதும்.

இனி அவருடைய குற்றச்சாட்டு. பெருந்தன்மை மொழிபெயர்ப்புச் சொல்லா? உறுப்புகள் இரண்டும் சுத்தத் தமிழ். பெருமை, தன்மை. முதற் சொல்லின் 'மை' கெட்டு, த் என்ற வல்லினத்துக்கு இனமான ந் மிகுந்தது. ஈறு போதல், இனமிகல் என்று நன்னூல் சொல்கிற பண்புப்பெயர்ப் புணர்ச்சி. 'தன்மை' எனக்குப் பிடித்த சொல். தன் என்பதிலிருந்து வருவது, தானாக இருக்கும் இயல்பு. இலக்கணத்தில் நான், நாம் என்று பேசும் இடத்துக்கும் தன்மை என்றே பெயர். கடன் வாங்கியோ ஒட்டவைத்தோ வராத, ஆளின் உள்ளிருந்து வரும் பெரிது என்று பொருள் கொள்ளலாம். பழைய இலக்கியத்தில் இதன் அக்காவான பெருந்தகைமை நடமாடுகிறது. 'மானம்' அதிகாரத்தில் வள்ளுவர் அதை ஆள்கிறார். ஆகவே இந்தக் கருத்தைச் சொல்ல நாம் வெள்ளைக்காரனுக்காகக் காத்திருக்கவில்லை. மக்னானிமிற்றிக்குத் தமிழ் தேடியவர்கள் புதுச் சட்டை தைக்கவில்லை. அலுமாரியில் தொங்கியதை எடுத்துப் போட்டார்கள். அளவு ஏறக்குறையச் சரியாக இருந்தது.

ஏறக்குறைய என்று நான் சொல்வதில்தான் உங்கள் சக ஆசிரியைக்குப் பாதி வெற்றி. பெருந்தன்மை போட்டியாளருக்கென்று தனியாக அமைந்த சொல் அல்ல. கடனைத் தள்ளிவிடுபவருக்கும், வேலைக்காரர் உடைத்த கண்ணாடிக்குக் காசு கேட்காதவருக்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். எதிரில் நிற்பவனிடம் காட்டும் குணத்துக்கு மட்டும் உரிய சொல் வேண்டுமானால், அதுவும் இருக்கிறது. ஆனால் அதை அறம் பேசும் அதிகாரத்தில் தேடினால் கிடைக்காது. படைச்செருக்கு என்ற அதிகாரத்தில், இரத்தமும் வேலும் நிறைந்த குறள்களின் நடுவில் இருக்கிறது:

"பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால்
ஊராண்மை மற்றதன் எஃகு."

அஞ்சாமல் பொருவதைப் பேராண்மை என்பார்கள். எதிரிக்கு ஒரு தாழ்வு வந்தபோது அவனுக்கு உதவுகிற ஊராண்மையோ அந்தப் பேராண்மையின் கூர்முனை. எஃகு என்ற சொல்லைக் கவனியுங்கள். இரக்கத்தை வீரத்துக்குப் பூசும் சந்தனமாக வள்ளுவர் காணவில்லை. வேலின் வெட்டும் பகுதியே அதுதான் என்கிறார். நல்லூர் ஆறுமுக நாவலர் 1861 இல் அச்சிட்ட பரிமேலழகர் உரையை விரித்துப் பார்த்தால், ஊராண்மைக்கு உபகாரியாகும் தன்மை என்று பொருளும் உடனே ஓர் உதாரணமும் இருக்கும். தானை முழுதும் அழிந்து தனியனாய் நின்ற இலங்கை வேந்தனை, 'இன்று போய் நாளை உன் தானையோடு வா' என்று இராமன் விட்ட கதை.

அந்த இடத்தில் கம்பர் செய்ததையும் பார்த்துவிடுவோம், இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வராது. "இன்று போய்ப் போர்க்கு நாளை வா" என்று இராமன் 'சொன்னான்' என்று அவர் பாடவில்லை. 'நல்கினன்' என்கிறார். கொடுத்தான். பாட்டை முடிக்கும்போது அவனை வீரன் என்றோ வேந்தன் என்றோ குறிக்காமல் 'கோசல நாடுடை வள்ளல்' என்கிறார். பொன்னும் பசுவும் கொடுப்பவனுக்குரிய சொல் அது. போர்க்களத்தில் ஒரு நாளைக் கொடுத்தவனுக்கு வந்து சேர்கிறது. போட்டியாளரிடம் காட்டும் தாராளத்துக்குத் தமிழில் சொல் இல்லை என்பவரிடம் 'வள்ளல்' என்ற இந்த ஒரு சொல்லை எடுத்துக் காட்டினாலே போதும்.

புறத்திணை இலக்கணத்தில் இதற்கு ஒரு துறையே உண்டு, பெயர் தழிஞ்சி. தோற்று முதுகு காட்டி ஓடுபவர் மேல் வாள் ஓச்சாத வீரத்தைப் புறப்பொருள் வெண்பாமாலை அப்படி அழைக்கிறது. அங்கும் அது 'கழிதறுகண்மை', அதாவது மிகுந்த வீரம் என்றே சொல்லப்படுகிறது. அழகான சொல், ஆனால் கேடயத்தில் எழுதினால் யாருக்கும் விளங்காது.

எல்லாளனைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆண்ட அந்தத் தமிழ் மன்னனைக் கொன்ற துட்டகைமுனு அவனுக்கு மரியாதையோடு ஈமக்கடன் செய்து, நினைவுச் சின்னம் எழுப்பி, அதன் அருகே செல்லும்போது வாத்திய ஒலியை நிறுத்தச் செய்ததாக மகாவம்சமே எழுதுகிறது. அது நல்ல செயல்தான். இருந்தாலும் ஊராண்மையின் கணக்கில் நான் அதைச் சேர்க்கத் தயங்குவேன். இறந்துபோன எதிரி நாளைக்குத் திரும்பி வரமாட்டான். இராவணன் வருவான். வந்து வெல்லவும் கூடும். அந்த அபாயம் இருக்கும்போது கொடுப்பதுதான் குறள் சொல்கிற எஃகு.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். எனக்குப் பத்து வயது இருக்கும். என் தகப்பனாருக்கும் அடுத்த காணிக்காரருக்கும் ஒரு பங்குக் கிணறு. துலா முறை யாருக்கு எந்த நாள் என்பதில் தொடங்கியது வழக்காகி, நீதிமன்றத்துக்குப் போய், வருடக்கணக்கில் இழுபட்டது. இருவரும் ஒரே பஸ்ஸில் போய், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் திரும்புவார்கள். அந்த நாட்களில் ஒருமுறை ஐயா நெருப்புக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெங்காயம் முளைத்து நின்ற நேரம். நான்காம் நாள் விடிய நானும் அம்மாவும் தோட்டத்துக்குப் போனபோது பாத்திகள் நனைந்திருந்தன. அடுத்த காணிக்காரர் தன் முறையில் இறைத்து, முதலில் எங்கள் பாத்திக்கு விட்டு, பிறகுதான் தன் புகையிலைக்குத் திருப்பியிருக்கிறார். ஐயா எழுந்து வரும்வரை அப்படியே செய்தார். அதற்கடுத்த தவணைக்கு வழக்கம்போல நீதிமன்றத்துக்கும் வந்தார். தன் உரிமையில் ஒரு நாழிகையைக்கூட விட்டுத்தரவில்லை. கடைசியில் வழக்கில் வென்றதும் அவர்தான். அவரைப் பற்றி ஐயாவிடம் கேட்டபோது அவர் பெருந்தன்மை என்றோ ஊராண்மை என்றோ சொல்லவில்லை. "அவன் மனிசன்" என்றார். நம் ஊர்ப் பேச்சில் அதைவிடப் பெரிய பட்டத்தை நான் கேட்டதில்லை.

போட்டியாளரைக் குறிக்கும் 'ரைவல்' என்ற ஆங்கிலச் சொல்லும் தண்ணீர்ச் சண்டையில் பிறந்ததுதான் என்று வெகுகாலம் கழித்து அறிந்தேன். இலத்தீனில் 'ரிவுஸ்' என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் எடுப்பவன் 'ரிவாலிஸ்'. வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல் பிறந்திருந்தால் அது கிணற்றடியில்தான் பிறந்திருக்கும். தமிழில் பங்காளி என்ற சொல்லில் உறவும் உரசலும் ஒன்றாகக் கிடப்பதும் இதே காரணத்தால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டு சம்பவங்கள். முதலாவது பெருந்தன்மை அல்ல, ரீச்சர். மன்னியுங்கள். பந்து விரலில் பட்டதை அந்தப் பிள்ளை ஒப்புக்கொண்டது நேர்மை. தனக்கு உரியதல்லாததைத் திருப்பிக் கொடுத்தாள். அது அருமையான செயல், அதைச் சபையில் பாராட்டுங்கள். ஆனால் தனக்கு உரியதைக் கொடுப்பவருக்குத்தான் வள்ளல் என்று பெயர். இரண்டாவது பிள்ளை செய்தது அதுதான். வெற்றி விதிப்படி அவள் கையில் இருந்தது. எதிரணி குறைந்து நின்றது. 'அவர்கள் வரட்டும்' என்றாள். வந்தபின் விட்டுக்கொடுத்து விளையாடவும் இல்லையே? முழு மூச்சாக விளையாடித்தானே இரண்டு புள்ளிகளால் தோற்றாள்? பரிமேலழகர் உயிரோடு இருந்தால் இராமனுக்குப் பக்கத்தில் இவளையும் உதாரணமாக எழுதியிருப்பார். வேண்டுமென்றே தோற்பதைப் பெருந்தன்மை என்று பிள்ளைகள் எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது எதிரணியைக் குழந்தையாக நடத்துவது.

தோற்ற பிறகு அவள் எப்படி நடந்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. தோற்றவரின் பக்கத்துக்கும் தமிழில் ஒரு சொல் உண்டு, சால்பு. தனக்கு நிகரல்லாதவரிடம் அடைந்த தோல்வியையும் ஒப்புக்கொள்வதுதான் சால்பை உரைத்துப் பார்க்கும் கல் என்கிறது சான்றாண்மை அதிகாரம்: "சால்பிற்குக் கட்டளை யாதெனின் தோல்வி துலையல்லார் கண்ணும் கொளல்." கட்டளை என்பது அங்கே உரைகல். வருங்காலத்தில் சங்கத்தார் இரண்டாவது கேடயம் தர முன்வந்தால் இந்தப் பெயரை வைத்திருங்கள்.

முதற் கேடயத்துக்கு என்ன பெயர்? ஊராண்மை என்று எழுதச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் பெண்கள் பாடசாலையில் 'ஆண்மை' என்று முடியும் கேடயம் வந்தால் முதல் நாளே சிரிப்பு எழும். அந்த ஆண்மை ஆளும் தன்மை. சான்றாண்மை, வேளாண்மை, தாளாண்மை போன்றவற்றில் வருவது. அதை ஒவ்வொரு வருடமும் ஒலிபெருக்கியில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நீங்கள் சொன்ன பெயரே இருக்கட்டும். மேலே 'பெருந்தன்மைக் கேடயம்', கீழே சிறிய எழுத்தில் ஊராண்மைக் குறள். விளக்கம் கேட்கிற பிள்ளை தானாகக் கேட்கும். தரம் 9 இல் ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாளே.

நடைமுறையில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். யாருக்கு இந்தக் கேடயம் என்பதை நடுவர்களோ அதிபரோ தீர்மானிக்க வேண்டாம். எதிரே விளையாடிய அணிகளைக் கேளுங்கள். பெருந்தன்மை என்பது இலக்கணத்தின் தன்மை இடத்தில் பேச முடியாத சொல். 'நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன்' என்று ஒருவர் சொன்ன கணத்தில் அது பெருமிதமாகி, உங்கள் மாணவி பயப்படுகிற இடத்துக்கே போய்விடுகிறது. படர்க்கையில்தான், அதுவும் எதிராளியின் வாயில்தான் அது பொருந்தும். இல்லத்தின் ஆண்டறிக்கையில் 'நாங்கள் பெருந்தன்மையுடன் காத்திருந்தோம்' என்று யாராவது எழுதி வந்தால் அந்தச் சொல்லை மட்டும் சிவப்பு மையால் வெட்டிவிடுங்கள். காத்திருந்தோம் என்பது போதும்.

கேடயம் செதுக்கக் கொடுக்கும்போது எழுத்தைக் கூட்டி எழுதிக் கொடுங்கள். 'பெரும்தன்மை' என்று பித்தளையில் வெட்டிய ஒரு கேடயத்தை நான் ஒரு பரிசளிப்பு விழாவில் கையில் வாங்கி, சிரித்துக்கொண்டே கொடுக்கவேண்டி வந்தது. 'ந்' இருக்கிறதா என்று காசு கொடுப்பதற்கு முன் பாருங்கள்.